வலியறிதல்

ஆறு வாரம் வலியை மறைத்துக்கொண்டு ஓடினேன். வலது காலில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் உள்விளிம்பில் அந்த வலி. முதலில் ஓடத் தொடங்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் போய்விடும். பிறகு ஓட்டம் முடியும்வரை கூடவே வந்தது. அதற்கும் பிறகு படியிறங்கும்போது, வகுப்பில் நிற்கும்போது, கடைசியில் இரவு படுத்திருக்கும்போதும் வலித்தது. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடமாக அது சுருங்கியபோது, இது சரியில்லை என்று உள்ளூரத் தெரிந்துவிட்டது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூர்ப் பக்கம் போகும் சாலையில் காலை ஐந்து மணிக்கு நடமாட்டம் குறைவு. பால் கேன் கட்டிய வண்டிகள் ஒன்றிரண்டு போகும். டீக்கடையில் பாய்லர் சூடாகிக்கொண்டிருக்கும். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி, கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள், சுடிதார் போட்டுக்கொண்டு அந்தச் சாலையில் ஓடுவதை ஊர் ஏற்றுக்கொள்ள ஓராண்டு ஆனது. "யாருக்கு இன்னா ஆச்சு டீச்சர், இப்பிடி ஓடறீங்க?" என்று ஆரம்பத்தில் பதறிப்போய்க் கேட்டவர்கள் உண்டு. அவசரம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் ஓடக்கூடும் என்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்தது. பிறகு நாய்கள் பழகின. மனிதர்கள் பழகினார்கள். வீடு கடைசியில்தான் பழகியது.

பிப்ரவரியில் ஆரோவில்லின் செம்மண் பாதைகளில் நடக்கும் மாரத்தானில் 21 கிலோமீட்டர் பிரிவுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அதற்காக வாரத்துக்கு 15 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் ஒரே மாதத்தில் 35 கிலோமீட்டருக்குப் போனேன். அதுவும் தார்ச்சாலையில், தேய்ந்துபோன பழைய ஷூவில். அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அதை நான் சுலபமாக ஒப்புக்கொள்வேன். வலியை மறைத்தது தவறா என்று கேட்டால்தான் பதில் அவ்வளவு சுலபமாக வரவில்லை.

ஏன் மறைத்தேன்? சொன்னால் ஓட்டம் நின்றுவிடும். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு" என்ற வாக்கியம் எங்கள் வீட்டில் மூன்று நான்கு பேர் வாயில் எப்போதும் தயாராக இருந்தது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. என் மீது உள்ள அக்கறையில்தான் சொல்வார்கள். அதனால்தான் அதை மறுத்துப் பேசுவது கடினம். அதட்டலை எதிர்த்து நிற்கலாம். அக்கறையை எதிர்த்தால் நன்றி கெட்டவளாகிவிடுவோம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஓடத் தொடங்குவதற்கு முன், மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், எனக்குக் குதிகால் வலி வந்திருந்தது. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி குத்துவதுபோல் இருக்கும். அதை வீட்டில் சொன்னேன். "வெந்நீர்ல உப்பு போட்டுக் கால வை" என்றார்கள். ஒருவரும் "சமையலறையில் நிற்காதே" என்று சொல்லவில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை. நாளுக்கு நான்கு மணி நேரம் வகுப்பிலும் மூன்று மணி நேரம் அடுப்படியிலும் நின்ற காலுக்கு உப்பு வெந்நீர் போதுமானதாக இருந்தது. அதே கால் ஓட்டத்தில் வலித்தால் மட்டும் ஓட்டத்தையே விட வேண்டும். ஒரே காலுக்கு வீட்டில் இரண்டு தராசு. அடுத்தவர்களுக்காக வரும் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தனக்காக வரும் வலி, அந்தக் காரியத்தை விட்டுவிடச் சொல்லும் எச்சரிக்கை.

எலேன் ஸ்கேரி 1985இல் வெளியிட்ட 'தி பாடி இன் பெயின்' என்ற நூலில் வலியைப் பற்றி ஒன்று சொல்கிறார்: வலிப்பவருக்கு அதைவிட உறுதியானது எதுவும் இல்லை, கேட்பவருக்கோ அதைவிடச் சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை. பெண்கள் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாதவிடாய் வலியிலிருந்து பிரசவ வலிவரை "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்ற பதிலைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். ஆனால் சந்தேகத்தைத் தவிர இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சில சமயம் பெண்ணின் வலியை உடனே நம்பிவிடுகிறார்கள். நம்பி, அதைக் காரணமாகக் காட்டி அவள் கையில் இருப்பதைப் பறித்துக்கொள்கிறார்கள்.

ஓட்டத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி மைதானத்துக்குள் வந்த பிறகு பலமுறை தடுமாறி விழுந்தார். அதிகாரிகள் தூக்கி நிறுத்தினார்கள். பிறர் உதவியோடு எல்லையைக் கடந்ததால் தகுதியிழந்தார். மறுநாள் அரசி அலெக்ஸாண்ட்ரா அவருக்கு ஒரு கோப்பையைப் பரிசளித்தார். உலகம் அவரை வீரராகக் கொண்டாடியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் முதன்முதலாக ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடினார்கள். இறுதியில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் ஹிதோமி கினுவே வெள்ளி பெற்றார். முடித்தவர்கள் சிலர் மூச்சு வாங்கப் புல்லில் சாய்ந்ததைப் பத்திரிகைகள் பெண்கள் கூட்டமாக மயங்கி விழுந்ததுபோல் எழுதின. பெண் உடம்பு இதைத் தாங்காது என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு 1960 ரோம் ஒலிம்பிக்வரை, 32 ஆண்டுகள், பெண்களுக்கு அங்கே 800 மீட்டர் இல்லை. பெண்களுக்கான மாரத்தான் 1984இல்தான் வந்தது. விழுந்த ஆணுக்குக் கோப்பை. மூச்சு வாங்கிய பெண்களுக்கு மூடிய கதவு. இது தெரிந்த ஒருத்தி தன் களைப்பை எப்படி வெளியே காட்டுவாள்?

ஆகவே என் பொய்க்கு ஒரு நியாயம் இருந்தது என்றே நினைத்தேன். வீட்டு வாசலில் நொண்டலை நிறுத்திக்கொள்வேன். வீக்கம் தெரியாமல் புடவையைத் தழையக் கட்டுவேன். என் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்வதாகத்தான் எண்ணம்.

அந்த எண்ணத்தை ஒரு மாணவி கலைத்தாள்.

இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் திருக்குறளின் 48ஆம் அதிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். வலியறிதல். பலகையில் தலைப்பை எழுதியதும் நடு வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "வலின்னா... எவ்வளவு வலிக்குதுன்னு தெரிஞ்சிக்கறதா மேம்?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே திருத்தினேன். இங்கே வலி என்றால் வலிமை. அரசன் ஒரு காரியத்தில் இறங்குமுன் அந்தச் செயலுக்கு எவ்வளவு வலிமை வேண்டும், தன்னிடம் எவ்வளவு இருக்கிறது, எதிரியிடம் எவ்வளவு, துணை நிற்பவர்களிடம் எவ்வளவு என்று எடைபோட வேண்டும் என்பது பொருள். சொல்லி முடித்து அவளைப் பார்த்தேன். கல்லூரி ஓட்டப் பந்தய அணியில் இருப்பவள். சுடிதார் பேண்டின் ஓரத்தில், கணுக்காலில் சுற்றிய கிரேப் பேண்டேஜ் எட்டிப் பார்த்தது. அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நான் கேட்கவில்லை. கேட்டால் என் காலைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கேள்வி கூடவே வந்தது. தமிழில் வலி என்ற சொல் நோவையும் குறிக்கும், ஆற்றலையும் குறிக்கும். இதை இருபது ஆண்டுகளாக இலக்கணக் குறிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே சொல்லில் இருப்பதை ஒரு நாளும் என் உடம்பில் வைத்துப் பார்த்ததில்லை. பொறை என்ற சொல்லும் அப்படித்தான். பொறை என்றால் சுமை. பொறை என்றால் பொறுமை. சுமப்பவளிடமே பொறுமையையும் எதிர்பார்க்கும் வழக்கம் சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. குறளில் பொறையுடைமைக்கும் தனி அதிகாரம் உண்டு. தன்னைத் தோண்டுகிறவரையும் தாங்கும் நிலத்தை அது எடுத்துக்காட்டும். அதைப் பெண் குழந்தைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். வலியறிதல் பொருட்பாலில் அரசியலுக்குள் இருப்பதால் அது ராஜாக்களின் பாடமாகவே நின்றுவிட்டது. பொறுப்பது நம் பாடம், அறிவது அவர்கள் பாடம் என்ற பாகப்பிரிவினை எப்போதோ நடந்துவிட்டது.

நம் இலக்கியத்தில் பெண்ணின் கணுக்கால் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் சத்தமாக வருகிறது: சிலம்பு, தண்டை, கொலுசு. அதன் உள்ளே உள்ள எலும்பின் செய்தி குறைவு. விதிவிலக்காகச் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் ஓர் இடம் உண்டு. புகாரைவிட்டுப் புறப்பட்ட கண்ணகி கொஞ்ச தூரத்திலேயே களைத்து, மூச்சிரைக்க, மதுரை எது என்று கேட்கிறாள். முப்பது காதம் என்பதை ஆறைந்து என்று பிரித்துச் சொல்லி, பக்கத்தில்தான் என்கிறான் கோவலன். சொல்லும்போது சிரிக்கிறான். நடந்து பழகாத அவளுக்கு வழியின் நீளம் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்ற பரிவுதான். அவளும் மேலே கேட்கவில்லை. பரிவுள்ள ஒரு பொய்யின் மேல் அவள் மதுரைவரை நடக்கிறாள். அவளுக்குத் தெரிய வேண்டிய ஓர் அளவை அவளிடமிருந்து மறைத்ததுதான் அந்தப் பரிவின் வேலை. நானோ அதே அளவை என்னிடமிருந்து நானே மறைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மருத்துவரிடம் போனேன். எலும்பில் விரலை வைத்து ஓரிடத்தில் அழுத்தினார். உயிர் போனது. எக்ஸ்ரேயில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. இந்த வகை விரிசல் முதல் சில வாரங்கள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம் என்றார். எம்ஆர்ஐ எடுத்ததில் தெரிந்தது. தாங்குமளவுக்கு மேல் திரும்பத் திரும்ப ஏறிய சுமையால் வரும் விரிசல். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பார்கள்.

அவர் விளக்கியது என்னை யோசிக்க வைத்தது. எலும்பு தன்னைத்தானே இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் உயிருள்ள பொருள். புதுச் சுமை ஏறும்போது ஒரு வகைச் செல்கள் பழைய, களைத்த பகுதியை அரித்தெடுக்கின்றன. இந்த இடிப்பு வேலை சுமார் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அந்தப் பள்ளத்தைப் புது எலும்பால் நிரப்பும் செல்களுக்குச் சுமார் மூன்று மாதம் வேண்டும். அதனால் தூரத்தைக் கூட்டிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஓடுபவளுக்குத் தெம்பு கூடியிருக்கும், எலும்போ மெலிந்திருக்கும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரண்டரை மடங்கு அளவு விசை காலில் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் அடிகள். தனித்தனியாகப் பார்த்தால் எந்த அடியும் எலும்பை முறிக்காது. மயில் தோகைதானே என்று அளவு மீறி ஏற்றினாலும் வண்டியின் அச்சு முறியும் என்று அதே வலியறிதல் அதிகாரத்தில் ஓர் உவமை வரும். ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் அந்தக் குறளுக்கு என் காலில் உரை எழுதியிருந்தது.

இன்னும் சில கேள்விகள் கேட்டார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? என்ன சாப்பிடுகிறீர்கள்? ஓடுவதற்கேற்ற சாப்பாடு உடம்புக்குக் கிடைக்காதபோது மாதவிடாய் தவறும், எலும்பு மெலியும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கென்று தனியாக ஒரு பெயர் கொடுத்து எச்சரித்தது. நாற்பதுகளில் ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய எலும்பு இன்னும் கவனிப்புக் கேட்கும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொண்டு, காலையில் வெறும் காப்பியோடு பத்துக் கிலோமீட்டர் ஓடியவள் நான். இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கால் வலியின் வேர் காலில் மட்டும் இருப்பதில்லை. சோற்றுப் பானையின் அடியிலும் இருக்கிறது.

அவர் சொன்னவற்றில் முக்கியமானது வலிகளைப் பிரித்தறிவது. கால் எலும்பின் உள்விளிம்பில் நான்கைந்து விரற்கடைக்கு மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுக்களின் எரிச்சல். தூரத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில், அதுவும் ஓய்விலும் இரவிலும் வலித்தால் எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். அதில் பொறுமைக்கு இடமே இல்லை. ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். குதிகாலுக்கு மேலே கெண்டைக்காலோடு சேரும் தடித்த நாண் வலித்தால் கதை வேறு. முழு ஓய்வு அதை இன்னும் பலவீனமாக்கும். கொஞ்சம் வலியைப் பொறுத்துக்கொண்டு, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியைச் செய்ய வேண்டும். ஸ்வீடனின் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1998இல் வெளியிட்ட முறை இது. நாளுக்கு 180 தடவை, 12 வாரம். கணுக்கால் பிசகினால் வீக்கம் வடிந்ததோடு விட்டுவிடக் கூடாது. ஒற்றைக் காலில் நின்று சமநிலையைத் திரும்பப் பழக்காவிட்டால் அதே கால் மறுபடி மறுபடி பிசகும்.

ஒரு வலியில் பொறுமை மருந்து. இன்னொன்றில் பொறுமை கேடு. இரண்டும் ஒரே காலில், ஒரு சாண் இடைவெளியில் இருக்கின்றன. பொறுமையைத் தன்னளவில் ஒரு நற்குணமாகக் கொண்டாடுவதில் உள்ள பிழை எனக்கு அங்கேதான் புரிந்தது. எது வலிக்கிறது, ஏன் வலிக்கிறது, யாருக்காக வலிக்கிறது என்ற கேள்விகளுக்குப் பிறகுதான் பொறுப்பதா வேண்டாமா என்பது வர வேண்டும். அந்தக் கேள்விகளைக் கேட்கவிடாமல் நேராகப் பொறுமைக்குக் கொண்டுபோவதுதான் நமக்குக் கிடைத்த வளர்ப்பு. ஓட்டக்காரர்கள் உலகமும் அதையே வேறு மொழியில் சொல்கிறது: வலியைத் தாண்டு, சாக்குச் சொல்லாதே. வீட்டின் பொறுமையிலிருந்து தப்பித்து ஓடியவள் மைதானத்தின் பொறுமையில் போய் விழுந்திருந்தேன்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கெர்ரி ஸ்ட்ரக் என்ற 18 வயது ஜிம்னாஸ்ட் முதல் தாவலில் கணுக்காலைப் பிசகவைத்துக்கொண்டார். உன்னால் முடியும் என்று பயிற்சியாளர் குரல் கொடுத்தார். நொண்டியபடி ஓடி இரண்டாவது தாவலைத் தாவி, ஒற்றைக் காலில் நின்று முடித்துச் சரிந்தார். அமெரிக்க அணி தங்கம் வென்றது. அந்தக் காட்சியைத் தியாகத்தின் உச்சமாக உலகம் பார்த்தது. அந்தத் தாவல் இல்லாமலே தங்கம் கிடைத்திருக்கும் என்பது மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபோது தெரிந்தது. 25 ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் சிமோன் பைல்ஸ், காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியவில்லை, இது ஆபத்து என்று சொல்லி அணிப் போட்டியின் நடுவில் விலகினார். கோழை என்றவர்கள் உண்டு. அன்று அவருக்கு அன்பு சொன்னவர்களில் ஸ்ட்ரக்கும் ஒருவர். விலகிய பைல்ஸ் செய்ததுதான் வலியறிதல் என்று இப்போது எனக்குப் படுகிறது. செயலின் வலிமையையும் தன் வலிமையையும் எடைபோட்டு, அந்தக் கணக்கைத் தானே சொன்னார்.

ஆனால் பைல்ஸ் அதைச் சொன்னபோது ஏற்கெனவே உலகின் முதல் இடத்தில் இருந்தார். வெல்லாதவளின் வலிக்கு யார் காது கொடுப்பார்? ஜல்பாய்குரியில் ரிக்‌ஷா ஓட்டியவரின் மகள் ஸ்வப்னா பர்மன். இரண்டு பாதங்களிலும் ஆறாறு விரல்கள். ஐந்து விரலுக்குச் செய்த ஷூவுக்குள் பாதத்தைத் திணித்துக்கொண்டுதான் ஓடினார், தாண்டினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், பல்வலிக்குக் கன்னத்தில் பட்டை ஒட்டியபடி ஹெப்டத்லானில் 6026 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். இந்தியாவுக்கு அந்தப் பிரிவில் அதுதான் முதல் ஆசியத் தங்கம். வென்ற பிறகு, தன் பாதத்துக்கேற்ற ஷூ கிடைக்குமா என்று கேட்டார். பிறகு அடிடாஸ் செய்து கொடுத்தது. அவர் வலியைத் தாங்கியதைத் தலைப்புச் செய்திகள் மெச்சின. ஒரு ஜோடி ஷூவுக்காகத் தங்கம்வரை ஓட வேண்டியிருந்ததே என்று யாராவது வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

ஓட்டம் நின்ற இரண்டாம் நாள் எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், ரெண்டு நாளா ஓட்டத்தக் காணோம்?"

"கால் எலும்புல விரிசலாம்க்கா. டாக்டர் ஓடக்கூடாதுன்னுட்டாங்க."

"ஓடாத இருந்தா சரியாப்பூடுமா?"

"எட்டு வாரம் ஆகுமாம்."

அவர் புடவையைக் கொஞ்சம் தூக்கித் தன் இடது கணுக்காலைக் காட்டினார். வெளிப்பக்கம் கெட்டியாகப் புடைத்திருந்தது. பல வருடங்களுக்கு முன் நடவுக்குப் போன இடத்தில் வரப்பு வழுக்கிப் பிசகியதாம். துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச நடவை முடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தாராம். அது முறிவு, கோணலாகச் சேர்ந்துவிட்டது என்று பிறகு எப்போதோ ஒரு மருத்துவர் சொன்னாராம். "உனக்கு ஓட்டத்த நிறுத்தினா சரியாப்பூடும்" என்று சிரித்தார். "நான் எத நிறுத்தறது?"

கணுக்கால் முறிந்திருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுவதும் பயன்படும் விதி ஒன்று உண்டு. 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்தது. அடிபட்டவரால் நான்கு அடி நடக்க முடிகிறதா என்று பார்ப்பது அதில் ஒன்று. அதை அக்காவிடம் சொன்னேன். "நாலு அடியா? நான் நாலு கிலோமீட்டர் வந்தேனே" என்றார். வலித்தால் நின்றுவிடுவார்கள் என்பதுதான் அந்தச் சோதனையின் நம்பிக்கை. நிற்க அனுமதிக்கப்படாத ஒருத்தி முறிந்த காலோடும் நடந்துவிடுவாள். நல்லவேளையாக அந்த விதியில் இன்னொரு பாதியும் இருக்கிறது. எலும்பின் குறிப்பிட்ட இடங்களை மருத்துவர் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நடந்து வந்துவிட்டாளே என்று அனுப்பிவிடாமல் தொட்டுப் பார்க்க வேண்டும். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. அக்காவுக்கு அதற்கும் முந்தைய ஒன்று வேண்டும். வலிக்கிறது என்று சொல்வதால் அன்றைய கூலி போகாது என்ற உறுதி.

நானே தேர்ந்துகொண்ட வலியையும் அக்கா மேல் விழுந்த வலியையும் ஒன்றாக்க எனக்கு உரிமை இல்லை. எனக்கு ஷூ இருக்கிறது, விடுப்பு இருக்கிறது, எம்ஆர்ஐக்குக் காசு இருக்கிறது. ஆனால் இவ்வளவும் இருந்தும் நான் மறைத்தேன் என்றால், எதுவும் இல்லாதவர்கள் எவ்வளவு மறைத்துக்கொண்டு நடக்கிறார்கள்? நிறுத்த முடிந்த நான் நிறுத்தி, ஏன் நிறுத்தினேன் என்று வெளியே சொல்லாவிட்டால், நிறுத்த முடியாதவருக்காக நான் பேசும் பேச்சுக்கு என்ன பொருள்? மறைத்தது தவறா என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. வீட்டுக்குச் சொன்ன பொய்யை நான் இன்னும் மன்னிப்பேன், அது தற்காப்பு. ஆனால் மறைத்து மறைத்துப் பழகியதில் என் காலின் பேச்சை நானே கேட்காமலானேன். அவர்கள் கேட்ட அதே பொறுமையை வேறு காரணத்துக்காகக் காட்டிக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய தவறு, என் மாணவியின் பேண்டேஜைப் பார்த்தும் பேசாமல் இருந்தது. அன்று நான் கற்பித்தது குறளை இல்லை, மறைப்பதைத்தான்.

அன்றிரவு சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். எதிர்பார்த்ததுபோலவே, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் கணவர். "எட்டு வாரம் ஓடமாட்டேன். அதுக்கப்புறம் மறுபடி ஓடுவேன்" என்றேன். "ஆனா நிக்கறதையும் குறைக்கச் சொல்லியிருக்காங்க. காலைச் சமையலுக்கு என்னால நிக்க முடியாது." இதற்கு யாரிடமும் தயாரான வாக்கியம் இல்லை. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மகன், காய் நறுக்குவதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். கணவர் குக்கரில் எத்தனை விசில் என்று கேட்டார். எல்லாம் முடிந்து தட்டை எடுக்கும்போது அத்தை மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் பத்து வருஷமா இந்த முட்டி ராத்திரியில தூங்க விடறதில்லம்மா." பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அன்றுதான் கேள்விப்படுகிறேன்.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் அந்த மாணவியை நிறுத்தி, முதலில் என் காலைக் காட்டினேன். பிறகுதான் அவள் காலைக் கேட்டேன். அந்தப் பருவத்தில் மூன்று முறை பிசகியிருக்கிறது. அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயிற்சியாளரிடம் சொல்லவில்லை. "ஓடினது போதும், மாப்பிள்ளை பாக்கறோம்" என்பார்கள் என்று வீட்டிலும் சொல்லவில்லை. மருத்துவரிடம் சேர்ந்து போனோம். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதிலிருந்து தொடங்கினாள். அந்த ஆண்டுப் போட்டிக்கு அவள் போகவில்லை. போவதில்லை என்று அவளே முடிவெடுத்து, காரணத்தையும் பயிற்சியாளரிடம் அவளே சொன்னாள். தேர்வுத்தாளில் வலியறிதலுக்கு இரண்டு பொருளையும் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

ஆரோவில் ஓட்டம் நான் இல்லாமல் நடந்து முடிந்தது. ஒன்பதாம் வாரம் மறுபடி சாலைக்கு வந்தேன். நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஒதிய மரம் நினைவுக்கு வரும். ஒதி பெருத்தால் உத்திரம் ஆகுமா என்று ஒரு பழமொழி உண்டு. எவ்வளவு பருத்தாலும் பாரம் தாங்காத மரம், எதற்கும் ஆகாது என்று பொருள். அந்த மரத்தின் பட்டையைப் புண்ணுக்கும் சுளுக்குக்கும் நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்துவார்கள். பழமொழி சொன்னவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. தாங்கும் பாரத்தை வைத்தே மரத்தையும் பெண்ணையும் மதிப்பிட்டவர்கள்.

ஒரு நிமிடம் ஓடி நின்றேன். காலைத் தொட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை. அக்கா வாசல் தெளித்துக்கொண்டே, "காலு எப்பிடிக் கீது?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். "உங்க கால் எப்படிக்கா இருக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.